சிறு தொழிலுக்குச் செயற்கை நுண்ணறிவு: பணம் கட்டும் முன் எடைபோட வேண்டியவை

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை விற்க வருபவர், அது என்னென்ன வேலைகளைச் செய்யும் என்பதை அரை மணி நேரத்தில் அழகாகக் காட்டிவிடுவார். அது தவறு செய்தால் அந்த நட்டம் யார் கணக்கில் ஏறும் என்பதை அவர் பெரும்பாலும் சொல்வதில்லை. சிறு தொழில் நடத்துபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரிய நிறுவனம் ஒன்று தவறான விலைப்புள்ளி அனுப்பிவிட்டால் அதைச் சரிக்கட்டச் சட்டப் பிரிவும் கணக்குப் பிரிவும் இருக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் பனியன் யூனிட்டிலோ, அண்ணனும் தம்பியுமாக நடத்தும் எண்ணெய்க் கடையிலோ அதே தவறு அந்த மாத வாடகையையும் கூலியையும் தின்றுவிடும். இந்தக் கருவிகள் பயனுள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த வேலையை அவற்றிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் முறையைக் கீழே எழுதுகிறேன்.

வேலைகளைத் தாளில் எழுதுங்கள்

செயலியைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கடையிலோ பட்டறையிலோ நடக்கும் எழுத்து வேலைகள், கணக்கு வேலைகள், பேச்சு வேலைகள் அனைத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு விவரங்களை எழுதுங்கள்: இதில் தவறு நேர்ந்தால் எவ்வளவு இழப்பு, அந்தத் தவறு யார் கண்ணில் எப்போது படும். இரண்டாவது விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பின் வாசகத்தைச் செயலி பிழையாக எழுதினால், அச்சுக்குக் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துத் திருத்திவிடுவீர்கள். நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு அனுப்பும் ஆங்கிலக் கடிதமும் அப்படித்தான். ஆனால் பில்லில் வரி விகிதம் தவறிப் போனால், அது துறையிலிருந்து நோட்டீஸ் வரும் நாளில்தான் தெரியும்; அதற்குள் அதே தவறு நூற்றுக்கணக்கான பில்களில் படிந்திருக்கும். ஓர் ஆர்டருக்கான அடக்க விலையில் துணி சேதாரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டால், விலையை ஒப்புக்கொண்டு நூல் வாங்கிய பிறகுதான் கை சுடும். ஆகவே, பிழை உடனே கண்ணில் படுகிற, பட்டதும் திருத்திவிடக்கூடிய வேலைகளை மட்டும் முதலில் கொடுங்கள். வரி, அடக்க விலை, ஒப்பந்தம், கூலிக் கணக்கு ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

உரையாடும் செயலிகள் ஏன் தவறு செய்கின்றன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. அவை எண்ணற்ற பக்கங்களைப் படித்து, எந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்பதைக் கற்றிருக்கின்றன. பதில் தெரியாத இடத்திலும் அவை தயங்காமல், சரியான பதிலின் தோரணையிலேயே எழுதிவிடும். 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி புனைந்து கொடுத்த, உலகில் எங்குமே நடக்காத வழக்குகளைத் தங்கள் மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் படித்தவர்களையே நம்பவைத்த அந்தச் சரளம், சட்டம் படிக்காத நம்மை இன்னும் எளிதாக நம்பவைக்கும்.

நம் ஊர் வணிகத்தில் இது எங்கே இடறும் என்பதற்கு ஆயத்த ஆடை வரியை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 21 வரை, ஓர் ஆடையின் விலை 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 விழுக்காடும் அதற்கு மேல் 12 விழுக்காடும் ஜிஎஸ்டி. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. இந்த மாற்றத்துக்கு முன்பே பயிற்சி முடிந்துவிட்ட ஒரு செயலி, இணையத்தில் தேடிச் சரிபார்க்காமல் பதில் சொன்னால், 3,000 ரூபாய்ச் சட்டைக்கு 12 விழுக்காடு என்று திடமாகச் சொல்லக்கூடும். சரக்கு போகும்போது கூடவே இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் அப்படியே. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் தேவை என்பது பொது விதி. தமிழ்நாட்டுக்குள்ளேயே நகரும் சரக்குக்கு அந்த வரம்பு 1 லட்சம் ரூபாய். பொது விதியைப் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது, மாநில விலக்கைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. செயலி எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம். வரி தொடர்பான எந்தப் பதிலையும் அன்றைய தேதியில் உங்கள் ஆடிட்டரிடமோ அரசின் அறிவிப்பிலோ ஒத்துப்பார்க்காமல் பில்லில் ஏற்றாதீர்கள்.

வாங்கும் முன் சோதிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. விற்பனையாளர் காட்டும் மாதிரிக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, உங்கள் வாடிக்கையாளர்கள் சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் உண்மையில் கேட்ட இருபது கேள்விகளை, பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, அவர்கள் எழுதிய தமிழிலேயே செயலியிடம் கேளுங்கள். ‘ரெண்டரை கிலோ போதுமா’, ‘போன தடவ குடுத்த அதே சைஸ்’ என்பன போன்ற வாக்கியங்களில்தான் அதன் தரம் தெரியும். குரல்பதிவுகளைப் புரிந்துகொள்ளும் என்று சொன்னால், உங்கள் வட்டார வழக்கில் பேசும் இரண்டு மூன்று பேரைப் பேசவைத்துப் பாருங்கள். இருபதில் எத்தனை சரி என்பதைவிட, தவறிய இடங்களில் ‘தெரியவில்லை’ என்று ஒப்புக்கொண்டதா, அல்லது துணிந்து எதையாவது சொன்னதா என்று கவனிப்பது முக்கியம்.

வாடிக்கையாளருடன் பேச விடுவதானால்

கடையின் பெயரில் செயலி சொல்வது கடை சொன்னதாகவே கருதப்படும். கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட் என்ற உரையாடும் செயலி, உறவினரின் இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், முழுக் கட்டணத்தில் சீட்டு வாங்கிவிட்டுப் பின்னர் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் பணம் தர மறுத்து, சாட்பாட்டின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, வட்டியும் தீர்ப்பாயக் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதன் நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும். கடையில் நிற்கும் பையன் தவறான விலையைச் சொல்லிவிட்டால், ‘அவன் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை’ என்று நாம் சொல்வதில்லையே.

எனவே விலை, தள்ளுபடி, திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி, சரக்கு வந்து சேரும் நாள் ஆகிய நான்கையும் செயலி தானாக எழுத விடாதீர்கள். நீங்கள் கையால் நிரப்பிய பட்டியலிலிருந்து மட்டும் அது எடுத்துச் சொல்ல வேண்டும், பட்டியலில் இல்லாததை ஓர் ஆளிடம் தள்ளிவிட வேண்டும் என்று அமைத்துத் தரும்படி கேளுங்கள். அமைக்க முடியாது என்றால் அந்தச் செயலி உங்களுக்கு வேண்டாம்.

விளம்பர வாசகத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. அதிலும் உணவுப் பொருள் விற்பவர்களுக்கு அதிகம். மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு ஒரு விளம்பரம் எழுதச் சொன்னால், இணையத்தில் தான் படித்ததையெல்லாம் திரட்டி, சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று கூடச் செயலி எழுதிவிடக்கூடும். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், ஒரு பொருளை மருந்தாகக் காட்டிக் குணமாகும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் நீரிழிவைச் சேர்த்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். வாசகத்தை எழுதியது செயலி என்ற விளக்கம் அங்கே உதவாது.

கையை விட்டுப் போகும் தகவல்

என் கணிப்பில் சிறு நிறுவனங்கள் மிகக் குறைவாகக் கவலைப்படுவதும், மிக அதிகமாகக் கவலைப்பட வேண்டியதும் இதைப் பற்றித்தான். 2023இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் ரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டி உதவி கேட்டது தெரியவந்து, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே நடந்தது, திருப்பூரில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், பையர் அனுப்பிய ஆடை விவரக் கோப்பான டெக்பேக்கை அப்படியே ஏற்றி, ‘இதைத் தமிழில் சுருக்கிக் கொடு’ என்று கேட்கும்போதும் நடக்கிறது. இன்னும் சந்தைக்கு வராத வடிவமும், அளவுப் பட்டியலும், பேசி முடித்த விலையும் அதில் இருக்கும். பையருடன் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு இருந்தால் அது அப்போதே மீறப்பட்டிருக்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் கைபேசி எண், கடன் பாக்கி, ஊழியரின் ஆதார் நகல் ஆகியவை இன்னொரு வகை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைத் திரட்டியவர் தம் சார்பில் வேறொரு நிறுவனம் அதைக் கையாண்டாலும் தாமே பொறுப்பாளி. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒரு மளிகைக் கடைக்கு அவ்வளவு தொகையை விதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாக்கிவிட்டது என்பதே செய்தி.

செய்ய வேண்டியது இதுதான். செயலி நிறுவனத்திடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: நாங்கள் இடும் தகவல் உங்கள் செயலியின் பின்னால் இயங்கும் மாதிரியை (மாடலை) பயிற்றுவிக்கப் பயன்படுமா, அது எந்த நாட்டில் சேமிக்கப்படும், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கணக்கை மூடினால் அழித்ததற்கு உறுதி தருவீர்களா. பல செயலிகளின் தனிநபர் கணக்குகளில், நாம் அமைப்புகளுக்குள் சென்று அணைக்காத வரையில் உரையாடல்கள் பயிற்சிக்குப் பயன்படும் நிலையே இயல்பாக இருக்கிறது. வணிகக் கணக்குகளில் பொதுவாக அப்படி இல்லை. முதலாளி எந்தச் செயலியும் வாங்காத கடையிலும், ஊழியர் தம் சொந்தக் கைபேசியின் இலவசக் கணக்கில் வேலையை முடித்துக்கொண்டிருக்கக்கூடும். கோபப்படாமல் விசாரித்து, எதை இடலாம், எதை இடவே கூடாது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி மேசையருகே ஒட்டுங்கள்.

கணிப்பு, செலவு, மோசடி

எவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்று கணித்துத் தரும் செயலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம், வீட்டு விலையைக் கணினிக் கணிப்பை நம்பி மதிப்பிட்டு வீடுகளை வாங்கி விற்றுவந்து, கணிப்பு பிசகியதால் 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. அவர்களிடம் இருந்த தரவில் ஒரு துளிகூட நம்மிடம் இல்லை. இரண்டு ஆண்டு விற்பனைக் கணக்கை வைத்துக்கொண்டு செயலி ஆண்டு விற்பனையின் ஏற்ற இறக்கத்தைக் கற்க முடியாது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ரம்ஜானோ ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துவிடும். அக்டோபரை அக்டோபரோடு மட்டும் ஒப்பிடும் கருவி துணிக்கடையைத் திணறடித்துவிடும். பண்டிகையையும் முகூர்த்த நாட்களையும் கணக்கில் எடுக்கிறதா என்று கேளுங்கள். கடைசி எண்ணை உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்பார்த்தே கொள்முதல் செய்யுங்கள்.

மாதச் சந்தா டாலரில் இருந்தால் ரூபாய் மதிப்பு இறங்கும்போதெல்லாம் உங்கள் செலவு ஏறும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு, ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியைத் தாமே கட்ட வேண்டியிருக்கும். விற்றுமுதலில் சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது. பயன்பாட்டு அளவுக்குக் கட்டணம் என்றால் இன்னொன்றும் உண்டு: பெரும்பாலான மாதிரிகள் சொற்களைத் துண்டு துண்டாக்கித்தான் எண்ணுகின்றன, ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிகத் துண்டுகளாக உடைவதால் செலவும் அதிகமாகலாம். 2025 ஜூன் 10 அன்று சாட்ஜிபிடி உலகெங்கும் பல மணி நேரம் முடங்கியதையும் நினைவில் வையுங்கள். அத்தகைய நாளில் பில் போடவும் ஆர்டர் எடுக்கவும் தெரிந்த ஒருவராவது கடையில் இருக்க வேண்டும்.

நீங்கள் செயலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஏமாற்றுபவர் கையில் அது இருக்கிறது. ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், காணொளி அழைப்பில் தம் மேலதிகாரிகளைப் போலவே தோன்றிய போலி உருவங்களை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிய செய்தி 2024இல் வெளிவந்தது. ‘அவசரம், இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று சப்ளையரின் குரலில் அழைப்பு வந்தால், வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் ஒரு செயலி தேறி நின்றால், ஆண்டுச் சந்தா கட்டாமல் மாதக் கணக்கில், ஒரே ஒரு வேலைக்கு, இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு மாதமும் பழைய முறையும் கூடவே நடக்கட்டும். செயலி செய்த பிழை, அதைக் கண்டுபிடித்தவர், திருத்த ஆன நேரம் ஆகியவற்றை முதலில் தொடங்கிய அதே நோட்டில் தேதியிட்டு எழுதிவாருங்கள். உங்கள் தரவை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் வாரத்திலேயே எடுத்துப் பாருங்கள். சந்தா புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, வங்கிக் கணக்கில் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை நிறுத்திவிட்டு, அந்தச் செயலியோடு வேலை பார்த்தவரையும் கூட உட்காரவைத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.