கடை ஊழியர்களுக்கு விடுப்பு: டிசம்பரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் துணிக்கடை, கோட்டாற்றில் மளிகை மொத்த வியாபாரம், மார்த்தாண்டத்தில் செல்போன் கடை என எது நடத்தினாலும், விடுப்பு விஷயத்தில் முதலில் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு மாநிலச் சட்டங்கள். ஒன்று, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். மற்றது, தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம். பின்னதன் பெயரில் ‘தொழில் நிறுவனங்கள்’ என்று இருப்பதால் மில்லுக்கும் முந்திரி ஆலைக்கும்தான் அது என்று பல கடைக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். கடைக்கும் அது பொருந்தும்.

அந்தச் சட்டப்படி ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும் மாற்ற முடியாது. மீதி ஐந்தும் பண்டிகை நாட்கள். முதலாளியையும் ஊழியர்களையும் கலந்து தொழிலாளர் ஆய்வாளர் அவற்றைக் குறிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் கேலண்டரைப் பார்த்து நீங்களே ஐந்து நாளை எழுதி ஒட்டிவிடாதீர்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ஐந்தை முடிவு செய்வதுதான் கடினமான வேலை. ஒரே கடையில் ஒருவருக்குத் தீபாவளி வேண்டும், ஒருவருக்குப் புனித வெள்ளி, ஒருவருக்கு ரம்ஜான். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வருபவருக்கு ஓணம். டிசம்பர் தொடக்கத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். முடிவானதை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அதற்குரிய படிவத்தோடு ஆய்வாளருக்கு அனுப்புங்கள். ஒரு நகலை ஊழியர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பேசும்போது கிழமையையும் பாருங்கள். 2026-இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிறு எப்படியும் அடைக்கிற கடை அதை ஐந்தில் ஒன்றாகச் சேர்த்தால், ஊழியருக்கு ஒரு நாள் போய்விடும். வேறொரு பண்டிகையைச் சேர்ப்பதுதான் நியாயம்.

கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையில்தான் குழப்பம் அதிகம். மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழா போன்ற நாட்களுக்கு வரும் அறிவிப்பு பொதுவாக அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் உரியது. உங்கள் பட்டியலில் இல்லாவிட்டால் அன்று கடை திறக்கலாம். ஆனால் அந்த நாளைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அது மற்ற எட்டு நாளுக்குச் சமம். ஊழியர்களில் பாதிப்பேர் சவேரியார் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றால் டிசம்பர் 3-ஐச் சேர்ப்பது நல்லது. சேர்க்காவிட்டால் அன்று ஆளுக்கு ஆள் கேஷுவல் லீவு கேட்டு நிற்பார்கள்.

இந்த ஒன்பதில் ஒரு நாள் ஆட்களை வேலைக்கு வரச்சொல்ல வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே ஊழியருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நகலை ஆய்வாளருக்கு அனுப்பி, கடையிலும் ஒட்ட வேண்டும். வேலை பார்த்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும், வேறொரு நாளில் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுப்பும். இரண்டில் எது என்று முடிவு செய்வது ஊழியர். “எல்லோருக்கும் மாற்று விடுப்புதான்” என்று முதலாளி முன்கூட்டியே அறிவித்துவிடுவது தவறு. சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி அன்று தொழிலாளர் துறையினர் கடைகளில் ஆய்வுக்கு வருவது வழக்கம். நோட்டீஸ் நகல் கல்லாப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாக்குப்பதிவு நாளின் சம்பள விடுமுறை தேர்தல் சட்டப்படி வருவது. இந்த ஒன்பதில் சேராது.

அடுத்தது கடைகள் சட்டத்தின் மூன்று பன்னிரண்டுகள். நோய்க்கோ விபத்துக்கோ 12 நாள், நியாயமான எந்தக் காரணத்துக்கும் கேஷுவல் லீவு 12 நாள். இவை இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே உண்டு. “ஒரு வருஷம் ஆகட்டும், அப்புறம் லீவு” என்பது மூன்றாவதான ஆண்டு விடுப்பு 12 நாளுக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் சம்பளத்தோடுதான், 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். 2024 ஜூன் 10-இல் சேர்ந்தவருக்கு 2025 ஜூன் 10 முதல் அடுத்த 12 மாதத்தில் 12 நாள். அதில் 5 எடுத்தால் மீதி 7 அடுத்த ஆண்டின் 12-உடன் சேர்ந்து 19.

மாதச் சம்பளக்காரருக்குப் பிடித்தம் செய்யாமல் விட்டாலே போதும். துண்டுக் கணக்கில் தைக்கும் டெய்லருக்கு எவ்வளவு கொடுப்பது? முந்தைய மூன்று மாத வருமானத்தில் ஓவர்டைமைக் கழித்துவிட்டு, உண்மையில் வேலை பார்த்த நாட்களால் வகுக்க வேண்டும். மூன்று மாதத்தில் 78 நாள் வேலை பார்த்து 35,100 ரூபாய் வாங்கியிருந்தால், விடுப்பு நாள் ஒன்றுக்கு 450 ரூபாய். இதையே 90-ஆல் வகுத்தால் 390 வரும். நாளுக்கு 60 ரூபாய் ஊழியர் கையிலிருந்து போகிறது. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் பாக்கி பாக்கிதான்.

வார விடுமுறை தனி. 365 நாளும் திறக்க அனுமதி பெற்ற கடையிலும் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் சுழற்சியில் கிடைக்க வேண்டும். அதற்குச் சம்பளப் பிடித்தம் கூடாது, அதைக் கேஷுவல் லீவில் கழிக்கவும் கூடாது.

மகப்பேறு விடுப்பு மத்தியச் சட்டத்தில் வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடையில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்த பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கர்ப்பமானவரை “வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் வா” என்று அனுப்பிவிடுவது இந்தச் சட்டத்தை மீறுவதாகும். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் பதிவானவருக்குப் பணம் அங்கிருந்து வரும். வேலையைக் காத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

லீவு ரிஜிஸ்டரில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்று பன்னிரண்டுக்கும் தனித்தனிப் பத்தி, எடுத்த தேதி, மீதி, ஊழியர் கையெழுத்து. லீவைத் தர மறுத்தால் காரணத்தையும் தேதியையும் அங்கேயே எழுதுங்கள். விடுப்பு கொடுக்கும் முன்பே ஒருவரை வேலையை விட்டு அனுப்பினாலோ, ஆண்டு விடுப்பு கேட்டு நீங்கள் மறுத்தபின் அவராகவே நின்றாலோ, மீதி நாட்களுக்கான பணத்தைக் கொடுத்தாக வேண்டும். மேலே சொன்ன டெய்லருக்கு 7 நாள் மீதி என்றால், கணக்கு முடிக்கும்போது 3,150 ரூபாயைத் தனி வரியில் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.