கூட்டமான அலையில் மோட்டார் பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் ஈஃபாயில் (தண்ணீருக்குள் இருக்கும் இறக்கையின் மேல் எழும்பி ஓடும் மின்மோட்டார் பலகை) வாங்குகிற புதியவர்கள் பலர் கரம்பின் ஓடையில்தான் பழகுகிறார்கள். அமைதியான தண்ணீர், அடியில் மணல், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. சிக்கல் என்னவென்றால், அந்த ஓடையின் முகத்துவாரத்தைத் தாண்டினால் எதிரே இருப்பது கரம்பின் ஆலி. பாறை முனையைச் சுற்றி வலப்பக்கமாக உடைந்து வரும் நல்ல அலை. நீளப் பலகைக்காரர்கள், சர்ஃப் பள்ளிப் பிள்ளைகள், காலை ஐந்து மணிக்கே வந்துவிடும் பெரியவர்கள் என்று அங்கே எப்போதும் கூட்டம். ஓடையில் ஒரு வாரம் விழாமல் ஓட்டியவருக்கு அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. போகிறார், திட்டு வாங்குகிறார், "சர்ஃபர்களுக்குத் திமிர்" என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறார்.

நான் சாதாரணப் பலகையிலும் சறுக்குகிறேன், ஈஃபாயிலும் ஓட்டுகிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் புகாரும் என் காதுக்கு வருகிறது. புதியவர்கள் செய்வதில் பாதி, ஒரு காலத்தில் நானும் செய்ததுதான். தலைக்கவசம் போடுங்கள், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

"சத்தமே இல்லையே, யாருக்கு என்ன தொந்தரவு?"

இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் வைத்த ஜெட்போர்ட் வந்தால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். சத்தம், புகை, நாற்றம். ஆனால் அது வருவது தெரியும். அலைக்குக் காத்திருப்பவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், கரை அவர் முதுகுப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் வந்து, இரண்டு கை தூரத்தில் கடந்து போனால் எப்படி இருக்கும்? அவருடைய கால்கள் தண்ணீருக்குள் தொங்குகின்றன. உங்கள் பலகைக்குக் கீழே முக்கால் மீட்டர் தண்டும், அதன் நுனியில் இறக்கையும், சுழலும் புரொப்பெல்லரும் இருக்கின்றன. நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டினீர்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. சுற்றிப் போங்கள், நன்றாகத் தள்ளிப் போங்கள்.

"நான்தான் முதலில் எழுந்து நின்றேன்"

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. எனக்கு இன்னமும் எரிச்சல் வருவதும் இதைக் கேட்டால்தான்.

அலைச்சறுக்கில் அலை யாருக்கு என்பதற்குப் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே அலை. ஏற்கெனவே எழுந்து சறுக்குபவரின் முன்னால் குதிப்பது டிராப்-இன், அது தவறு. புதியவர்கள் இதில் இரண்டாம் பாதியை மட்டும் படித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஈஃபாயில்காரர் உடையாத அலைமேட்டிலேயே ஓட்ட முடியும். சர்ஃபர்கள் காத்திருக்கும் இடத்துக்கு ஐம்பது மீட்டர் வெளியிலேயே அந்த அலையின் மேல் நின்றுகொண்டு உள்ளே வருவார். குட்டைப் பலகையில் இருப்பவருக்கோ அலை செங்குத்தாக எழும் வரை வேலையே இல்லை. அந்த நொடியில்தான் அவர் எழ முடியும். ஆக, ஈஃபாயில்காரர் எப்போதுமே "முதலில் நின்றவர்". ஒரு காலை முழுக்க அத்தனை அலையிலும் அவரே முதல். எல்லோரும் பலகையில் படுத்துக் கையால் பேடில் செய்த, அதாவது தண்ணீரைத் தள்ளிப் போன காலத்தில் உருவான வழக்கம் அது. எழுந்து நிற்கிற நேரத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும் என்பதை நம்பித்தான் அது ஓடியது. துடுப்போடு நின்று ஓட்டும் பெரிய பலகைகள் வந்தபோதே இதே சண்டை நடந்தது. மோட்டார் வந்ததும் வித்தியாசம் பல மடங்காகிவிட்டது.

இதைவிட முக்கியமானது, சறுக்கி முடித்த பிறகு நடப்பது. கையால் பேடில் செய்பவரின் வேகம் ஏறக்குறைய நடக்கிற வேகம்தான். ஓர் அலை கிடைத்தால் அவர் நுரையில் அடிபட்டு, சுற்றி வந்து, மூச்சு வாங்கி, மறுபடி முனைக்கு வர நேரமாகும். அதற்குள் மற்ற நாலு பேருக்கு ஆளுக்கோர் அலை கிடைத்திருக்கும். கடலில் டோக்கன் கொடுக்க ஆள் இல்லை. தோள்வலிதான் அந்த வேலையைச் செய்கிறது. மோட்டார்காரருக்கு அந்த வலி கிடையாது. ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு பின்னால் போகாமல் நேராகக் கவுன்டருக்கே திரும்பி வந்து நிற்கிறவரைப் பார்த்தால் வரிசையில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? அதேதான்.

எங்கோ அடித்த புயலால் பெரிய அலை வந்த ஒரு சமயத்தில் நடந்தது. ஓடையில் நன்றாகப் பழகியவர் ஒருவர் ஆலிக்கு வந்தார். நீளப் பலகையில் ஒரு அம்மா, சரியான இடத்தில் காத்திருந்து அலைக்காகக் கைபோடத் தொடங்கினார். வெளியிலிருந்து நம் ஆள் "ஹே" என்று குரல் கொடுத்தபடி வந்தார். அந்த அம்மா பலகையை இழுத்து நிறுத்திக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் ஊளையிட்டார்கள். சில நிமிடத்தில் மறுபடி அதே ஆள், அதே குரல். இந்த முறை ஊளை இல்லை, எல்லோரும் சும்மா பார்த்தார்கள். இங்கே திட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். பேச்சு நின்றுவிட்டால் கிளம்பிவிட வேண்டும். அவர் கிளம்பவில்லை.

அடுத்த அலையில் அந்த அம்மா நிறுத்தவில்லை, எழுந்துவிட்டார். நம் ஆளுக்குத் திரும்ப இடமில்லை, குதித்தார். பலகை பக்கவாட்டில் போய், இறக்கையின் நுனி ஒரு பையனின் பலகையைக் கிழித்தது. ஒரு முழம் தள்ளியிருந்தால் அது அவன் தொடை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பையனுக்குப் புதுப் பலகை, தனக்குப் புது முன் இறக்கை என்று அவருக்குச் செலவு எகிறியது. கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்து கேட்டது என்ன தெரியுமா? "அண்ணா, ரூல்படி நான்தானே முதல்ல எழுந்தேன்?"

மோட்டார் இருக்கும்போது உங்களுக்கு முன்னுரிமை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் பேடில் செய்கிற யாராவது ஒரே ஒருவர் அந்த அலையைப் பார்த்துத் திரும்பினாலும் விட்டுவிடுங்கள். எட்டு வயதுக் குழந்தை தப்பும் தவறுமாகக் கைபோட்டாலும் அலை அதற்குத்தான்.

"அலை பிடித்ததும் மோட்டாரை நிறுத்திவிடுகிறேனே"

எப்படிச் சறுக்கினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எப்படித் திரும்பி வந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

லீஷ் இல்லாமல் நுரைக்குள் போவது

ஈஃபாயில்காரர்கள் பெரும்பாலும் லீஷ், அதாவது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, கட்டுவதில்லை. கயிறு புரொப்பெல்லரில் சிக்கும் என்று பயம். அமைதியான தண்ணீரில் அது சரி. விழுந்தால் கையிலிருக்கும் ரிமோட்டின் விசை விடுபட்டு மோட்டார் நிற்கும், பலகையும் பக்கத்திலேயே மிதக்கும். அலை உடையும் இடத்தில் பக்கத்தில் மிதக்காது. பேட்டரியோடு சேர்த்து இருபத்தைந்து முப்பது கிலோ இருக்கும். நுரை அதை அப்படியே தள்ளிக்கொண்டு கரைப்பக்கம் போகும். ஆலியில் கரைப்பக்கம் இருப்பது யார்? நீல நிற மென்பலகையில் இன்றைக்குத்தான் முதல்முறை எழுந்து நிற்கிற சர்ஃப் பள்ளிப் பிள்ளைகள். நான் பார்த்ததில், உள்ளூர்க்காரர்கள் நிஜமாகப் பயப்படுவது இதற்குத்தான். அலை போன கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும்.

"ஜெட் ஸ்கீக்காரர்கள் மட்டும் செய்யலாமா?"

நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் ஹவாயில் லெயர்ட் ஹாமில்டன், டாரிக் டோர்னர், பஸ்ஸி கெர்பாக்ஸ் ஆகியோர் காற்றடைத்த மோட்டார் படகால் இழுக்கப்பட்டுப் பெரிய அலைகளில் ஏறினார்கள். அப்புறம் படகின் இடத்தில் ஜெட் ஸ்கீ என்ற தண்ணீர் ஸ்கூட்டர் வந்தது. மௌயி தீவின் பெயாஹி போன்ற இடங்களில் அலையின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது என்று அன்றைக்கு நம்பினார்கள். அங்கே வேறு யாரும் காத்திருக்கவில்லை, யாருடைய அலையும் பறிபோகவில்லை. முணுமுணுப்பு இருந்தாலும் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள். 2010க்குப் பிறகு அதே பெயாஹியில் கையால் பேடில் செய்தே ஏற முடியும் என்று ஷேன் டோரியன் போன்றவர்கள் காட்டினார்கள். அதோடு அங்கே ஜெட் ஸ்கீக்கு முக்கிய வேலை ஆளைக் காப்பாற்றுவது என்றாகிவிட்டது.

இனி கோல்ட் கோஸ்டுக்கு வாருங்கள். ட்வீட் ஆற்றின் முகத்துவார மணலைக் குழாய் வழியே வடக்கே அனுப்பும் திட்டம் 2001இல் தொடங்கிய பிறகு, ஸ்னாப்பர் ராக்ஸிலிருந்து கிர்ரா வரை மணல் சேர்ந்து சூப்பர்பேங்க் உருவானது. உலகமே வந்து நிற்கிற அலை. பெரிய அலை நாளில் நீரோட்டம் எல்லோரையும் வடக்கே அடித்துக்கொண்டு போகும். எதிர்த்துக் கைபோட்டுப் பயனில்லை. கரையேறி, மணலில் திரும்பி நடந்து, ஸ்னாப்பர் பாறையில் மறுபடி குதிக்க வேண்டும். அந்த நடைதான் அங்கே வரிசை. புயல் அலை நாட்களில் ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள் நண்பர்களை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டுபோய் அலையில் இறக்கிவிடுகிறார்கள். அவர்களையும் திட்டத்தான் செய்கிறார்கள். ஆகவே அவர்களைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது.

"புதிதாக எது வந்தாலும் சர்ஃபர்கள் திட்டத்தான் செய்வார்கள்"

1970களின் தொடக்கத்தில் லீஷ் வந்தபோது திட்டினார்கள், உண்மை. நீந்தத் தெரியாதவனெல்லாம் வந்து கூட்டம் சேரும் என்றார்கள். கூட்டம் சேர்ந்ததா இல்லையா?

எல்லா மோட்டாரையும் ஒன்றாகப் பேசுவது

இது சர்ஃபர்கள் பக்கத்துத் தவறு. முதுகுத் தண்டில் அடிபட்டவர்களும் தோள் வலுவிழந்தவர்களும் சின்ன மோட்டார் உதவியோடு கடலுக்கு வருகிறார்கள். அவர்கள் வந்தால் கூட்டம் விலகி வழிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடியில் இருக்கும் செதிலிலேயே (ஃபின்) மோட்டார் வைத்த சாதாரணப் பலகையில் வரும் எழுபது வயதுக்காரர் தன் முறைக்குக் காத்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் நண்பர்கள் பலருக்கு இருக்கிறது. இருபத்தெட்டு வயதில் ஜிம்முக்குப் போகிற ஆள் அதே செதிலை மாட்டிக்கொண்டு வந்தால், மன்னிக்கவும், நானும் ஊளையிடுவேன்.

பதிலுக்குக் கத்துவது

வேண்டாம். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நகருங்கள்.

கொடிகளுக்கு நடுவே கரையேறுவது

சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே நீந்துகிறவர்களுக்கு மட்டும்தான் இடம். சாதாரண சர்ஃப் பலகைக்கே அங்கே அனுமதியில்லை.

ஊருக்குக் கொண்டுபோய்க் கோவளத்தில் ஓட்டலாம் என்று நினைப்பது

பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கொண்டுபோக முடியாது. ஈஃபாயில் பேட்டரி அதைப்போலப் பத்து மடங்கு. எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் அங்கே முதல் பிரச்சினை சர்ஃபர்கள் இல்லை, வலை. உங்கள் புரொப்பெல்லர் அறுக்கிற வலை ஒருவருடைய அன்றைய சாப்பாடு.

நல்ல அலையைத் தேடிப் போவது

சுயநலமாக யோசித்தாலும் இது வீண். சர்ஃபருக்கு உடைகிற, செங்குத்தான, சுத்தமான அலை வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தால் அங்கே கூட்டமும் இருக்கும். ஃபாயிலுக்கு அது தேவையே இல்லை. உடையாமல் உருண்டு வருகிற மந்தமான அலைமேடு, பலகைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத அலை, அதில்தான் ஃபாயில் நன்றாக ஓடும். மோட்டாரை நிறுத்திவிட்டு இறக்கையின் மேலேயே நீண்ட தூரம் மிதந்து வரலாம். காற்று கெட்டு, சர்ஃபர்கள் காப்பி குடிக்கப் போன பிறகு கடல் முழுக்க அப்படிப்பட்ட அலைதான். ஆலியிலிருந்து நன்றாகத் தள்ளி வெளியே போனால் வழியில் ஆளே இருக்காது.

போகும்முன் உங்கள் மோட்டாரின் திறனுக்குப் பதிவும் உரிமமும் வேண்டுமா என்று மாரிடைம் சேஃப்டி குயின்ஸ்லாந்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்; சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஓட்டுவது படகு. நீர் வற்றும் நேரத்தில் ஓடையின் முகத்துவாரத்தில் மணல் திட்டு எழும்பி, தண்டு தரையில் இடிக்கும். அதனால் நீர் ஏறியிருக்கும்போதே வெளியே போய், ஏறியிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது எழுந்து நிற்காமல் பலகையில் படுத்துக்கொண்டு, மோட்டாரை மிகக் குறைவாக வைத்து வாருங்கள்.