பழைய போலோ ஜிடி வாங்கப் போகிறீர்களா? எந்த எஞ்சின் எடுப்பது, வேலூர் வெயிலில் எப்படிச் சோதிப்பது

ஸ்போர்ட்ஸ் கூபே ஆசையோடு வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பழைய கார் தேடுகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் வந்து நிற்பது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடியிடம்தான். கதவு ஐந்து என்றாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த ஆசை தீரும். நம் ஊர் வேகத்தடையிலும் அடி தட்டாது. 2022-இல் இங்கே உற்பத்தி நின்றுவிட்டதால் இனி பழையதுதான். நானும் அப்படித் தேடித்தான் வாங்கினேன். பெயிண்ட், டயர் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், எஞ்சினுக்கு வருகிறேன்.

1. மூன்றில் எது?

1.2 டிஎஸ்ஐ: நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் (குதிரைசக்தி), 7 கியர் டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும். 2013-இல் வந்தது.

டிடிஐ: டீசல், மேனுவல் மட்டும். முதலில் 1.6, 2014-க்குப் பிறகு 1.5. முறுக்குவிசை (டார்க்) 250 என்எம்.

1.0 டிஎஸ்ஐ: 2020-இல் பிஎஸ்6 புகை விதியுடன் வந்த மூன்று சிலிண்டர், 110 பிஎஸ். ஜிடி என்ற பெயரில் வருவது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியே விசையைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக். இதே எஞ்சின் 6 கியர் மேனுவலில் ஹைலைன் பிளஸ் என்ற பெயரில் கிடைக்கும்.

எல்லோரும் பிஎஸ் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மூன்றுக்கும் அதில் பெரிய வித்தியாசமே இல்லை. முடிவு செய்ய வேண்டியது கியர்பாக்ஸை வைத்து.

2. உங்கள் ரோடு எது?

வாரம் தவறாமல் சென்னை, பெங்களூரு ஓட்டம் என்றால் டீசல். அந்த ஹைவேயில் (என்எச் 48) முன்னே போகும் வண்டியை ஐந்தாவது கியரிலேயே தாண்டிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டுவிடாதீர்கள், டர்போ தூங்கிவிடும். தினமும் காட்பாடி ரோட்டில் ஊர்ந்து போகிறவருக்கு டீசல் வேண்டாம், கிளட்ச் கனம். அவருக்கு 1.0 ஆட்டோமேட்டிக். ஓட்டுகிற சுகத்துக்காகவே வாங்குகிறேன் என்பவருக்கு 1.2 டிஎஸ்ஐ. அந்த டிஎஸ்ஜி கியர் மாற்றும் வேகத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வராது. ஆனால் அடுத்த படியைத் தாண்டினால்தான்.

3. டிஎஸ்ஜி சோதனை: மத்தியானம்தான்

நான் அதிக நேரம் திணறிய இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இந்த டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு; இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. எண்ணெயில் மூழ்காத கிளட்ச் என்பதால் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறும். விற்பவர் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார். காலியான ரோடு, குளிர்ந்த கிளட்ச், வண்டி வெண்ணெய் மாதிரிப் போகும். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

மத்தியானம் போங்கள். வண்டி நிழலில் நின்றிருந்தால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு, கிரீன் சர்க்கிள், புது பஸ் ஸ்டாண்ட், பாலாற்றுப் பாலம், சித்தூர் பஸ் ஸ்டாப் என்று நெரிசலுக்குள்ளேயே போய்த் திரும்புங்கள். பிரேக்கை மெல்ல விட்டு, ஆக்சிலரேட்டர் தொடாமல் வண்டியை நகர விடுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும் கணத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் வருகிறதா?

அப்புறம் ரிவர்ஸ். சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் ஏற்றமான காலித் தெரு ஒன்றில் மேல்நோக்கி மெதுவாகப் பின்னால் எடுங்கள். ரிவர்ஸில் உதறினால் இரண்டாவது, நான்காவது கியரிலும் அந்தக் கோளாறு இருக்கும், மூன்றுக்கும் ஒரே கிளட்ச்தானே. டிஸ்பிளேயில் கியர் எழுத்து மினுக்கினாலோ, ஒற்றைப்படை கியர்கள் மொத்தமும் விழாமல் போனாலோ கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பில் லட்சத்தில் வரும். பேரம் பேசாமல் விட்டுவிடுங்கள், வேறு வண்டி கிடைக்கும்.

டீசலுக்குச் சோதனை சுலபம். நான்காவது கியரில் 60-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்குங்கள். ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

4. ஸ்கேனர்

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎல்எம்327 புளூடூத் கருவி உதவாது. பொதுவான எஞ்சின் கோளாறுக் குறியீடுகளை (கோடு) மட்டும் காட்டும், கியர்பாக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கியர்பாக்ஸையும் படிக்கும் ஓபிடிலெவன் அல்லது விசிடிஎஸ் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஒரு கோடும் இல்லை என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். ரெடினெஸ் சோதனைகள் (கார் ஓடும்போது தன்னையே சோதித்துக்கொள்வது) முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடியாமல் நின்றால், கோடுகளைச் சமீபத்தில்தான் அழித்திருக்கலாம்.

5. பேப்பர்

டிஎன் 23 (வேலூர்), டிஎன் 73 (ராணிப்பேட்டை) வண்டி என்றால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்தால் அதை நீக்க 35. பெங்களூரிலிருந்து வரும் கேஏ வண்டி விலை குறைவாகத் தெரியும். அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் போடும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் உள்ளூர் வண்டியே மேல்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: டெல்லியிலிருந்து வரும் டீசல் போலோ ஏன் இவ்வளவு மலிவு? அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் நிறையப் பேர் தள்ளிவிட்டார்கள். நம் ஊரில் அந்தத் தடை இல்லை. ஆனால் என்ஓசி கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். டீசலில் 1.6, ஆரம்பகால 1.5 இரண்டுமே 2015 டிசம்பரில் மென்பொருள் மாற்றத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட இஏ189 எஞ்சின் குடும்பம். அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.