வாக்கு விகிதத்தையும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

மக்களவைத் தேர்தல் முடிவுகளை ஆராய விரும்புவோர், தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையிலிருந்து ஒவ்வொரு கட்சியின் வாக்கு விகிதத்தையும் வென்ற இடங்களையும் முதலில் ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ள வேண்டும். இடங்களை மக்களவையின் மொத்த இடங்களான 543 ஆல் வகுத்து விழுக்காடாக்கி, அதை வாக்கு விழுக்காட்டால் வகுத்தால், அக்கட்சிக்கு வாக்குகள் எந்த அளவுக்கு இடங்களாக மாறின என்பது தெரியும்.

பாரதிய ஜனதா கட்சி 2019 இல் ஏறத்தாழ 37.4 விழுக்காடு வாக்குகளுடன் 303 இடங்களை வென்றது. 2024 இல் 36.6 விழுக்காட்டுடன் 240 இடங்களே கிடைத்தன. இட விழுக்காட்டை வாக்கு விழுக்காட்டால் வகுத்துக் கிடைக்கும் எண் 1.49 இலிருந்து 1.21 ஆக இறங்கியது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான சரிவு 63 இடங்களைக் கொண்டுபோனதை நாடு தழுவிய சராசரி விளக்காது என்பதால், அடுத்து மாநில வாரியாகப் பிரித்துப் பார்ப்பது கட்டாயமாகிறது.

வாக்குகள் எங்கே குவிந்துள்ளன என்பதே இங்கு முதன்மையான கேள்வி. 2014 இல் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4 விழுக்காட்டுக்கு மேல் பெற்றும் ஓர் இடமும் வெல்லவில்லை. அதைவிடக் குறைவாக, 3.3 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க., அவ்வாக்குகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே திரண்டிருந்ததால், 37 இடங்களைக் கைப்பற்றியது.

போட்டியிட்ட தொகுதிகளின் எண்ணிக்கையையும் அட்டவணையில் தனி நெடுவரிசையில் குறிக்கவும். காங்கிரஸ் 2019 இல் 421 தொகுதிகளிலும் 2024 இல் 328 தொகுதிகளிலும் நின்றது. ஆகவே அதன் மொத்த வாக்கு விகிதங்களை நேரடியாக ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

வாக்கு எண்ணிக்கைகளின் முதல் இலக்கமாக 1 முதல் 9 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகிறது என்ற பரவலை (பென்ஃபோர்டு விதி) வைத்துத் தேர்தல் முறைகேட்டைக் கண்டுபிடித்ததாகச் சிலர் கூறுவதுண்டு. தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை பெரும்பாலும் ஒரே அளவில் அமைந்திருக்கும்போது அச்சோதனை பொருந்தாது; அதை விட்டுவிடலாம்.