நாட்டுக்கு ரிஸ்க் போடுவது எப்படி: அமீரகத்தை வைத்து ஒரு பயிற்சி

வங்கியில் கம்ப்ளையன்ஸ் (சட்டவிதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும்) வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சீக்கிரமே வந்து சேரும் கேள்வி இது: "இந்த நாட்டுக்கு ரிஸ்க் ஹையா, மீடியமா, லோவா?" பலர் ஊழல் குறியீட்டைத் திறந்து, எண்ணைப் பார்த்து, எக்செல் கட்டத்தில் ஒரு நிறத்தைப் பூசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அது ஏன் போதாது என்பது ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொண்டால் நன்றாகப் புரியும்.

படி 1: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

அரசு அலுவலகத்தில் லஞ்சம் கேட்பார்களா என்பது ஒரு கேள்வி. வேறெங்கோ அடித்த பணம் இங்கே வந்து வெள்ளையாகுமா, அதாவது பணச்சலவை நடக்குமா என்பது வேறு கேள்வி. லஞ்சமே இல்லாமல் பத்திரம் பதிவாகும் ஊர், கொள்ளையடித்தவனுக்கும் வசதியான ஊர்தான். ஆகவே இரண்டு கட்டம்.

படி 2: ஊழல் கட்டம்

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் வெளியிடும் குறியீட்டில் 100 என்றால் மிகச் சுத்தம். 2022 குறியீட்டில் டென்மார்க் 90, அமீரகம் 67, இந்தியா 40. இது அரசுத் துறை ஊழலைப் பற்றி வல்லுநர்களும் வணிகர்களும் வைத்திருக்கும் கருத்து, அவ்வளவுதான். தனியார் வங்கி என்ன செய்கிறது என்பது இதில் வராது. அந்த டென்மார்க்கின் மிகப் பெரிய வங்கியான டான்ஸ்கே, தன் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோவை ஓடவிட்டது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரிய பணம்.

படி 3: பணச்சலவைக் கட்டம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பணச்சலவைத் தடுப்புக்கு விதிமுறை வகுக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பின் கறுப்புப் பட்டியலில் வட கொரியா, ஈரான், மியான்மர்; இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், ஹை. சிக்கல் சாம்பல் பட்டியலில்; குறைகளைச் சரிசெய்யும் வரை கூடுதல் கண்காணிப்பில் இருக்கும் நாடுகளின் பட்டியல் அது. 67 மதிப்பெண் வாங்கிய அமீரகம் 2022 மார்ச்சில் அதில் ஏறியது. 40 வாங்கிய இந்தியா அதில் இல்லை!

பட்டியலோடு நிற்காமல் அந்த நாட்டைப் பற்றிய எஃப்.ஏ.டி.எஃப். மதிப்பீட்டு அறிக்கையையும் திறங்கள். அதில் இரண்டு பகுதி: 40 பரிந்துரைகளுக்கு ஏற்பச் சட்டம் இருக்கிறதா, அது நடைமுறையில் பலன் தருகிறதா என்று 11 அளவுகோல்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் படிப்பேன். சட்டப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அமீரகத்தின் 2020 அறிக்கையில் சட்டங்கள் ஓரளவு தேறின. ஆனால் பணச்சலவை வழக்குகள், அதுவும் துபாயில், மிகக் குறைவு. நிறுவனங்களைப் பதிவு செய்ய நாட்டில் 39 பதிவகங்கள். உண்மையான உரிமையாளர் யார் என்று எங்கே போய்த் தேடுவது?

படி 4: பணம் எந்த வழியாக ஓடும்?

அமீரகத்தில் தங்கம், வீட்டுமனை, ஃப்ரீ ஜோன் (தனி விதிகளும் சலுகைகளும் உள்ள வணிக மண்டலம்) கம்பெனிகள், ஹவாலா. நம் ஊரில் சட்டவிரோதமான ஹவாலாவை அங்கே மத்திய வங்கியில் பதிவு செய்துகொண்டு நடத்தலாம். எனவே அந்தச் சொல்லைப் பார்த்ததுமே அலற வேண்டாம். வாடிக்கையாளர் யார் என்றும் பாருங்கள். ஷார்ஜாவில் வேலை செய்யும் நர்ஸ் வீட்டுக்கு அனுப்பும் சம்பளமும், நேற்று முளைத்த தங்கக் கம்பெனியின் பரிமாற்றமும் ஒன்றல்ல.

படி 5: திசையும் தேதியும்

நாடுகளின் பணச்சலவை ஆபத்தை அளக்கும் பாசல் குறியீடு 0 முதல் 10 வரை. அதில் எண் கூடினால் ஆபத்து கூடும். ஊழல் குறியீட்டுக்கு நேர் எதிர். ஆரம்பத்தில் திருப்பிப் போடாமல் இரண்டையும் கூட்டி சராசரி எடுத்து அசடு வழிந்தவன் நான்.

எஃப்.ஏ.டி.எஃப். பட்டியல் பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் மாறும். 2024 பிப்ரவரியில் அமீரகம் சாம்பல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தனியாக வைத்திருக்கும் ஆபத்தான நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற 2025 ஆகிவிட்டது. எந்தச் சட்டம் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறதோ அந்தப் பட்டியலையே முதலில் பாருங்கள்.

சரி, இப்போது என் கட்டம்: ஊழல், லோ. பணச்சலவை, மீடியம், தங்கமோ வீட்டுமனையோ ஃப்ரீ ஜோன் கம்பெனியோ என்றால் ஹை. பக்கத்திலேயே ஏன் என்று இரண்டு வரியும், பார்த்த தேதியும். ஆடிட்டர் வந்தால் நிறத்தைவிட அந்த இரண்டு வரியைத்தான் கேட்பார்.