ஆங்கில உரையில் வாத உத்தியையும் அணியையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

ஆங்கில வகுப்பில் ஓர் உரையைக் கொடுத்து, கேட்பவரை இணங்கவைக்கும் உத்திகளைக் கண்டறியச் சொன்னால், பல மாணவர்கள் ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்ற பெயர்களை வரிகளின் ஓரத்தில் குறித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வரி யாரிடம் என்ன வேலை செய்கிறது என்று விளக்கும்போதுதான் அது விடையாகிறது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த இந்தப் பிரிவில், ஈத்தோஸ் பேசுபவரின் நம்பகத்தன்மையையும், பேத்தோஸ் கேட்பவரின் உணர்ச்சியையும், லோகோஸ் தர்க்கத்தையும் சார்ந்தவை. ஆகவே, அணிகளைத் தேடுமுன், பேசியவர் யார், கேட்டவர்கள் யார், அவர் வேண்டியது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையைப் பார்ப்போம். அமெரிக்கா தன் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்ற குறிப்போடு திரும்பிவிட்டது என்கிறார் அவர். இதை உருவகம் என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். காசோலை வைத்திருப்பவர் யாரிடமும் இரந்து நிற்பவர் அல்லர், தமக்குச் சேரவேண்டியதைக் கேட்பவர் என்ற தர்க்கம் அந்த உருவகத்துக்குள்ளேயே இருக்கிறது. அது பணமின்றித் திரும்பும்போது எழும் அவமானமோ கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுகிறது. அதே உரையின் தொடக்கத்தில், நூறு ஆண்டுகள் என்பதை ஐந்து இருபதுகளாக எண்ணி, அமெரிக்க அதிபராக இருந்த லிங்கன் அதேபோல ஆண்டுகளை இருபதுகளாக எண்ணித் தொடங்கிய கெட்டிஸ்பர்க் உரையின் நடையை நினைவூட்டுவதன் மூலம், லிங்கனின் மதிப்பைத் தம் வாதத்துக்கும் துணையாக்கிக்கொள்கிறார்.

அணி எதற்காக வந்தது என்று புரியாவிட்டால், அதை நீக்கி நேர்ச்சொற்களில் எழுதிப் பாருங்கள். ‘அரசியலமைப்பு தந்த உறுதி நிறைவேற்றப்படவில்லை’ என்று எழுதினாலும் செய்தி அதேதான். ஆனால் கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் மறைந்துவிடுகிறார்கள். அப்படி மறைந்ததை விளக்குவதே நீங்கள் எழுதவேண்டிய பத்தி. உவமை, ஆளுருவம் (உயிரற்றதை மனிதராகக் காட்டுவது), உயர்வுநவிற்சி ஆகியவற்றுக்கும் இதே சோதனை போதும்.

எண் வந்தாலே லோகோஸ் என்று முடிவுகட்டுவது பரவலான பிழை. ஒரு விபத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் பேச்சாளர் சற்று நிறுத்தினால், அந்த எண் பெரும்பாலும் உணர்ச்சியை நோக்கியே வீசப்பட்டிருக்கும். எனவே அதற்கு முன்னும் பின்னும் வரும் வாக்கியங்களைப் படித்த பிறகே பெயரிடுங்கள். ஒரே வரியில் இரண்டு உத்திகள் தெரிந்தால், ஒன்றைக் கைவிடாமல் இரண்டும் எப்படி இணைகின்றன என்று எழுதுங்கள்.