சுழல் அண்டம்: கணிப்பு எது, பொருத்தம் எது?

அண்டம் விரிந்து, சுருங்கி, மறுபடி விரிகிறது என்பதே சுழல் மாதிரி. அதைக் கேட்டதும் மனம் ஒரு ராட்டினத்தைச் சுற்றவிடுகிறது. முதல் தவறு அதுதான். ராட்டினம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும், அண்டம் சேராது. ஒவ்வொரு சுற்றிலும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுவதால் அடுத்த சுற்று இன்னும் பெரிதாக, இன்னும் நீளமாக இருக்கும் என்று 1930களிலேயே இயற்பியலாளர் ரிச்சர்ட் டோல்மன் காட்டிவிட்டார். அப்படியென்றால் பின்னோக்கிப் போகப்போகச் சுற்றுகள் சிறுக்க வேண்டும், எங்கோ ஒரு தொடக்கமும் தேவைப்படலாம். 'சுழற்சி இருந்தால் தொடக்கம் இல்லை' என்று எழுதிவிடுவது அவசரம்.

1998இல் விரிவின் வேகம் கூடுவது தெரிந்ததும் சுழல் மாதிரிகளின் கதை முடிந்தது என்பதும் சரியல்ல. இயற்பியலாளர்கள் பால் ஸ்டைன்ஹார்ட்டும் நீல் டூரோக்கும் 2002இல் வெளியிட்ட சுழல் மாதிரியில், விரிவை விரைவுபடுத்தும் இருண்ட ஆற்றலுக்கே வேலை இருக்கிறது. பழைய பொருளையும் என்ட்ரோபியையும் அது நீர்த்துப்போகச் செய்கிறது. பின்னர் தானும் தேய்ந்து சுருக்கத்துக்கு வழிவிடுகிறது.

பலரும் சறுக்குவது கணிப்பில்தான். ஆதி ஈர்ப்பலைகள், அதாவது அண்டத்தின் தொடக்ககால ஈர்ப்பு அதிர்வுகள், கருவிக்கே சிக்காத அளவுக்கு மெலிந்திருக்கும் என்பது அந்த மாதிரியின் கணிப்பு. அண்டம் தொடக்கத்தில் கணப்பொழுதில் பன்மடங்கு ஊதிப் பெருத்தது என்னும் பெருவீக்க மாதிரிகளில் எளியவை சில, கருவிக்கு எட்டும் வலிமையில் அவற்றை எதிர்பார்க்கின்றன. அந்த வலிமையைக் குறிக்கும் விகிதம் 0.036க்கும் கீழே என்று 2021இல், தென்துருவத் தொலைநோக்கிகளால் அவற்றைத் தேடும் பைசெப்-கெக் குழு எல்லை கட்டியது. உடனே சுழல் மாதிரி வென்றதாகச் சொல்லலாமா? கூடாது. அதைவிடச் சிறிய விகிதம் தரும் பெருவீக்க மாதிரிகளும் உண்டு. ஆதி ஈர்ப்பலை அகப்பட்டால் ஸ்டைன்ஹார்ட் மாதிரி விழும். அகப்படாவிட்டால் அது பிழைத்திருக்கிறது, அவ்வளவே. அகப்பட்டதாக வரும் செய்தியையும் பொறுத்திருந்தே நம்ப வேண்டும்: 2014 மார்ச்சில் அதே வரிசையின் பைசெப்2 தொலைநோக்கிக் குழு அறிவித்த சமிக்ஞையைப் பார்த்துச் சுழல் மாதிரிக்கு இரங்கல் எழுதியவர்களில் நானும் ஒருவன். அதற்கு நம் பால்வீதியின் தூசே போதுமான விளக்கம் என்று மறு ஆண்டே தெரிந்தது.

வானத்தைப் பார்த்த பிறகு வடிவம் தேடுவது இன்னொரு பொறி; அது கணிப்பு அல்ல, பொருத்தம். நம் பெருவெடிப்புக்கு முந்தைய யுகத்தின் தடயமாக, ஆதி வெப்பத்தின் மிச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணியில் ஒருமைய வளையங்கள் தெரிவதாக 2010இல் ரோஜர் பென்ரோஸும் வாஹே குர்சாத்யானும் அறிவித்தனர். வேறு மூன்று குழுக்கள் தனித்தனியாகச் சரிபார்த்தன. முந்தைய யுகம் எதையும் கருதாமல், வழக்கமான மாதிரியை மட்டும் வைத்துக் கணினியில் உருவாக்கிய செயற்கை வானங்களிலும் அதே வளையங்கள் இருந்தன.